குண்டாஸ் என்றால் யாரோ ஒரு ரவுடிக்கு என்றுதான் நினைக்கிறோம்

பேப்பரின் உள்பக்கத்தில் ஒரு மூலையில் அடிக்கடி வரும் செய்தி இது. இன்ன காவல் நிலைய எல்லையில் வழிப்பறியில் ஈடுபட்ட இன்னார் குண்டர் தடுப்புச் சட்டத்தில் சிறையில் அடைக்கப்பட்டார், கலெக்டர் உத்தரவு என்று நாலு வரி. படிப்பவர்கள் 'நல்லா வேணும்' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அந்த நாலு வரிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை மதுரையில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக ரொம்ப வருஷம் இருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுத வேண்டும் என்று பல நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வக்கீல் கிடையாது, ஆனால் கட்டு தூக்கி, நம்பர் வாங்கி, புக்லெட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்குப் பதில் சொன்னவன்.

முதலில் இந்தச் சட்டம் எப்படி வளர்ந்தது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் ஒரு மாநிலச் சட்டம் மாற மாற அது யார் தலையில் இறங்குகிறது என்பது அந்த வளர்ச்சியிலேயே தெரியும். 1982-இல், எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது வந்த 14-ஆம் எண் சட்டம் இது. அப்போது அதில் ஐந்து வகை ஆட்கள்தான் இருந்தார்கள்: கள்ளச்சாராயம் விற்பவர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர், பாலியல் தொழிலுக்கு ஆள் கடத்துபவர், குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்பவர். அப்புறம் வனக் குற்றவாளிகளைச் சேர்த்தார்கள். 2004-இல் திருட்டு சிடி பிரச்சினை பெரிதாக இருந்தபோது வீடியோ திருடர்கள் உள்ளே வந்தார்கள். மணல் கொள்ளை பேசப்பட்ட காலத்தில் மணல் குற்றவாளிகள் வந்தார்கள். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நடந்த அந்தக் கொடூரத்துக்குப் பிறகு, 2013 ஜனவரியில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா பெண்கள் பாதுகாப்புக்கு என்று 13 அம்சத் திட்டம் ஒன்றை அறிவித்தார். பாலியல் குற்றவாளிகளை குண்டர் சட்டத்தில் அடைப்பது அதில் ஒன்று. 2014 ஆகஸ்டில் சட்டசபையில் திருத்தம் நிறைவேறி பாலியல் குற்றவாளிகளும் சைபர் குற்றவாளிகளும் பட்டியலில் ஏறினார்கள். அதற்குப் பிறகு முதல் தடவை வழக்கில் மாட்டுகிறவரையும் உள்ளே வைக்கலாம் என்ற நிலை வந்தது. சட்டத்தின் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது, அவ்வளவு நீளம். சிடி கடைகள் ஊரிலேயே இல்லை, ஆனால் வீடியோ திருடர் அந்தப் பெயரில் இன்னமும் இருக்கிறார். சேர்த்ததை யாரும் எடுப்பதில்லை.

கவனித்தால் ஒவ்வொரு சேர்க்கைக்கும் முன்னால் மக்கள் கோபம் ஒன்று இருந்திருக்கிறது, அது நியாயமான கோபமும்கூட. மணல் லாரியைத் தடுத்தவர் மீதே லாரியை ஏற்றுகிற ஊரில், ஒரு பெண் குழந்தைக்கு நடக்கக் கூடாதது நடந்துவிட்ட ஊரில், சட்டத்தை இறுக்கு என்று மக்கள் கேட்பது இயல்பு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதே மாதம் முடிவதற்குள் மதுவிலக்குச் சட்டத்தில் ஆயுள் தண்டனை வரை தண்டனையைக் கூட்டி மசோதா நிறைவேறியது. அந்தத் திருத்தத்தின் மேல் எனக்குப் பெரிய குறை இல்லை, அதில் கோர்ட் இருக்கிறது, சாட்சி இருக்கிறது, குறுக்கு விசாரணை இருக்கிறது, குற்றம் நிரூபணமானால்தான் தண்டனை. குண்டர் சட்டத்தில் அது எதுவும் கிடையாது. இதைத்தான் நிறையப் பேர் புரிந்துகொள்ளாமல் இருக்கிறார்கள். 'குண்டாஸில் ஒரு வருஷம் தண்டனை' என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அது தண்டனையே இல்லை. ஒருவர் இனிமேல் ஏதாவது செய்துவிடுவார் என்று முன்கூட்டியே எடுத்து உள்ளே வைப்பது, தடுப்புக் காவல் என்பார்கள். வழக்கு நடத்தவும் வேண்டாம், நிரூபிக்கவும் வேண்டாம்.

நடைமுறை இதுதான். போலீஸ் ஒரு கட்டு தயார் செய்து மாவட்டம் என்றால் கலெக்டருக்கும், மாநகரம் என்றால் கமிஷனருக்கும் அனுப்புவார்கள். அவர் காகிதத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்தால் உத்தரவு போடுவார். ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தைகூட கேட்க வேண்டியதில்லை. ஐந்து நாளுக்குள் காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுதான் புக்லெட். பன்னிரண்டு நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும், இல்லாவிட்டால் உத்தரவு போய்விடும். மூன்று வாரத்துக்குள், அடைத்தது சரியா என்று பார்க்கும் அட்வைசரி போர்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அடைத்த நாளிலிருந்து ஏழு வாரத்துக்குள் போர்டு தன் கருத்தைச் சொல்ல வேண்டும். அந்த போர்டு முன்னால் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. வக்கீலாக இல்லாத நண்பர் ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று 1981 டிசம்பரில் ஏ.கே.ராய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது, ஆனால் எட்டாவது படித்த ஒரு பையனின் அப்பா, அவரும் கட்டட வேலைக்குப் போகிறவர், அங்கே நின்று என்ன வாதாடுவார்? போர்டு சரி என்று சொல்லிவிட்டால் அதிகபட்சம் பன்னிரண்டு மாதம்.

இதற்கு அரசியல் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, 22-ஆவது பிரிவு. சுதந்திரம் வந்து குடியரசான அதே 1950-இல் தடுப்புக் காவல் பற்றிய முதல் பெரிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது, அது நம் சென்னை மாகாணத்தின் மேல் போடப்பட்ட வழக்குதான், போட்டவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன். அவசரநிலை முடிந்த பிறகு 1978-இல் 44-ஆவது திருத்தம் கொண்டுவந்தார்கள். போர்டின் கருத்து இல்லாமல் மூன்று மாதம் வரை வைக்கலாம் என்பதை இரண்டு மாதமாகக் குறைத்து, போர்டின் அமைப்பையும் ஹைகோர்ட் தலைமை நீதிபதியின் பரிந்துரையோடு கட்டியது அந்தத் திருத்தம். பார்லிமென்ட் நிறைவேற்றியாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு பகுதியை மட்டும் அமலுக்குக் கொண்டுவரும் அறிவிப்பை டெல்லியில் எந்த ஆட்சியும் வெளியிடவில்லை. கட்சி மாறியது, பிரதமர்கள் மாறினார்கள், அது அப்படியே கிடக்கிறது. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

சரி, 'குண்டர்' என்று சட்டம் யாரைச் சொல்கிறது? இந்திய தண்டனைச் சட்டத்தின் 16, 17, 22-ஆம் அத்தியாயங்களில் வரும் குற்றங்களைச் செய்கிறவர், செய்ய முயல்கிறவர், அதற்கு உடந்தையாக இருப்பவர் என்று வைத்துக்கொள்ளலாம். 2024 ஜூலை 1-இல் இருந்து தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் எண்கள் மாறிவிட்டன, விஷயம் அதேதான். 16 என்பது உடம்புக்குச் செய்யும் குற்றம், 17 சொத்துக்குச் செய்யும் குற்றம், 22 மிரட்டல். தமிழ்நாட்டில் தெருச் சண்டையில் புகார் கொடுத்தவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் மனப்பாடமான மூன்று பிரிவுகள் உண்டு: 294(பி), 323, 506(2). கெட்ட வார்த்தையில் திட்டினான், கையால் அடித்தான், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினான். குழாயடித் தண்ணீர், வாய்க்கால் வரப்பு, பைக் நிறுத்துமிடம், எதற்குச் சண்டை வந்தாலும் எஃப்.ஐ.ஆரில் பெரும்பாலும் இந்த மூன்றும் சேர்ந்தே வரும். அந்த மூன்றில் இரண்டு, அதாவது 323-உம் 506-உம், மேலே சொன்ன அத்தியாயங்களில்தான் இருக்கின்றன. குழாயடிச் சண்டைக்கு குண்டாஸ் போடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. வாசல் அவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது, யாரை உள்ளே அழைப்பது என்பது அதிகாரியின் மனதைப் பொறுத்தது என்பதுதான் நான் சொல்வது.

அந்த வாசலில் ஒரு தடுப்பு உண்டு. பொது ஒழுங்கு கெட்டிருக்க வேண்டும், இரண்டு பேருக்குள் நடந்த சண்டை போதாது. 1965-இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் போட்டு விளக்கியது. வெளி வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. வெளி வட்டத்தில் நடப்பதெல்லாம் உள் வட்டத்தைத் தொடாது. ஆகவே உத்தரவு எழுதும்போது என்ன செய்கிறார்கள் என்றால், கத்தியைக் காட்டிப் பணம் பறித்தார், பொதுமக்கள் அலறி அடித்துக்கொண்டு ஓடினார்கள், கடைக்காரர்கள் ஷட்டரை இழுத்து மூடினார்கள், போக்குவரத்து பாதிக்கப்பட்டது என்று ஒரு பத்தி சேர்த்துவிடுவார்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு ஆள், ஆனால் அந்தப் பத்தி மட்டும் ஒரே மாதிரி. எத்தனையோ புக்லெட்டில் படித்திருக்கிறேன். பறித்த தொகை சில நூறு ரூபாயாகவும் இருக்கும்.

இன்னொரு பத்தியும் மாறாமல் வரும். இவர் ஜாமீன் மனு போட்டிருக்கிறார் அல்லது போடுவார், இதே போன்ற வழக்குகளில் கோர்ட் ஜாமீன் கொடுத்திருக்கிறது, ஆகவே இவரும் வெளியே வர வாய்ப்பு உண்டு, வந்தால் மறுபடியும் குற்றம் செய்வார் என்று. யோசித்துப் பாருங்கள். கோர்ட் ஒருவரை ஜாமீனில் விடும் என்பதே அவரை உள்ளே வைப்பதற்கான காரணமாக மாறிவிடுகிறது. 2011-இல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில், காலாவதியான மருந்துக்குப் புது லேபிள் ஒட்டி விற்றதாகச் சொல்லி அடைக்கப்பட்டவரின் மனைவி போட்ட வழக்கு அது, சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்: சாதாரண சட்டத்தால் சமாளிக்க முடிகிற விஷயத்துக்குத் தடுப்புக் காவலைப் பயன்படுத்தினால் அது சட்டவிரோதம். பத்து வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது, புக்லெட்டில் அந்தப் பத்தி வந்துகொண்டேதான் இருக்கிறது.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடிக்கு. அந்த அம்மா சாயந்திரத்தில் தள்ளுவண்டியில் பணியாரம் போட்டு விற்பவர். வீட்டுக்காரர் இல்லை. பையன் பெயிண்டிங் வேலைக்குப் போகிறவன். திருவிழாவில் இரண்டு தெருப் பையன்களுக்குள் நடந்த அடிதடியில் ஒரு வழக்கு ஏற்கெனவே இருந்தது. அப்புறம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒருவரிடம் பணம் பறித்ததாக இன்னொரு வழக்கு. செய்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் கோர்ட் இருக்கிறது. நகையை அடகு வைத்து வக்கீல் பிடித்து, ஜாமீன்தாரர் இரண்டு பேரைத் தேடி, வீட்டு வரி ரசீது, ஆதார் எல்லாம் வாங்கி வைத்து, ஜாமீன் உத்தரவும் வந்துவிட்டது. பையனை அழைத்துவரப் போன இடத்தில்தான், ஆளை விட முடியாது, குண்டாஸ் போட்டிருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நேராக ஆபீசுக்கு வந்தார்.

"ஜாமீன் குடுத்தது நீதிபதிதானே தம்பி? அப்புறம் யாரு விடமாட்டேன்னு சொல்றது?"

இதை விடச் சரியான கேள்வியை எந்த வக்கீலும் கேட்டு நான் பார்த்ததில்லை. கலெக்டர் உத்தரவு அக்கா, அது வேற இது வேற, ஹைகோர்ட்டில் போட்டுத்தான் உடைக்கணும் என்றேன். உடைப்பது என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம், குண்டாஸ் உடைஞ்சிருச்சா, எப்ப உடையும் என்று. அந்த அம்மா அன்றிலிருந்து வாரா வாரம் வந்து அதையே கேட்டார்.

உடைப்பதற்கு ஆட்கொணர்வு மனு போட வேண்டும், எச்.சி.பி. என்போம். பெரும்பாலும் மனுதாரர் அம்மாவாகவோ மனைவியாகவோ இருப்பார். ஹைகோர்ட்டின் வழக்குப் பட்டியலில் அந்தப் பகுதியைப் பார்த்தால் வரிசையாகப் பெண்கள் பெயர்தான். இரண்டு நீதிபதிகள் அமர்ந்து கேட்பார்கள், அவர்களிடம் வேலை மலை போல் குவிந்திருக்கும். தடுப்புக் காவலில் அதிகம் பேரை வைத்திருக்கும் மாநிலங்களில் தமிழ்நாடு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தில் பல ஆண்டுகள் முதல் இடத்திலேயே இருந்திருக்கிறது, அத்தனையும் சென்னைக்கும் மதுரைக் கிளைக்கும்தானே வர வேண்டும். மாதக்கணக்கில் ஆகும்.

உடைவதும் எதனால் என்று பார்க்க வேண்டும். புக்லெட்டில் இன்ன பக்கம் நகல் மங்கலாக இருக்கிறது, படிக்க முடியவில்லை. இங்கிலீஷில் இருக்கும் ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை. ஜாமீன் கிடைத்த 'இதே போன்ற' வழக்கு என்று காட்டியது இதே போன்ற வழக்கே இல்லை. அரசுக்கு அனுப்பிய மனு ஒரு மேஜையில் இத்தனை நாள் காரணமில்லாமல் தூங்கியிருக்கிறது, விடுமுறை நாளைக் கழித்தாலும் இத்தனை நாள் தாமதம். இந்த மாதிரிக் காரணங்களால் உத்தரவுகள் ரத்தாகிக்கொண்டே இருக்கின்றன. கோர்ட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவரை விசாரணை இல்லாமல் அடைக்கும்போது அரசு ஒவ்வொரு படியையும் சுத்தமாக ஏறியிருக்க வேண்டும் என்று கோர்ட் பிடிவாதம் பிடிப்பது சரிதான், அந்தப் பிடிவாதம் ஒன்றுதான் அந்தக் குடும்பங்களுக்கு மிச்சம். ஆனால் அந்த உத்தரவு வரும்போது பையன் பாதி வருஷம் உள்ளே இருந்திருப்பான். அந்த மாதங்களை யாரும் திருப்பித் தருவதில்லை. மங்கலான நகலை வைத்து உத்தரவு போட்ட அதிகாரியிடம் யாரும் ஏன் என்று கேட்பதும் இல்லை. இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு, உண்மையிலேயே ஊரை மிரட்டுகிற ஆளும் இதே மங்கலான நகலைக் காட்டி வெளியே வந்துவிடுகிறார். நல்ல வக்கீலை வைக்கப் பணம் இருப்பதால் அவர் சீக்கிரமே வருகிறார். பணியாரக்கார அம்மாவின் பையன் வரிசையில் நிற்கிறான்.

அந்த மாதங்களில் வீட்டில் என்னவெல்லாம் ஆகிறது என்று சட்டம் போடுகிறவர்களுக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். சம்பாத்தியம் நின்றுவிடும். மனு பார்க்க, அதாவது ஜெயிலில் ஆளைச் சந்திக்கப் போகிற அன்றைக்கு அம்மாவின் வியாபாரம் போய்விடும். மதுரை ஆளை மதுரை சென்ட்ரல் ஜெயிலில் வைத்தால் பரவாயில்லை, பாளையங்கோட்டைக்கோ திருச்சிக்கோ மாற்றிவிட்டால் பஸ் காசு, சாப்பாடு, பிஸ்கட், சோப்பு, துண்டு எல்லாம் சேர்ந்து ஒரு நாள் போய் வருவதே பெரிய செலவு. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் பேப்பர் செய்தியைத் தெரிந்துகொண்டு நின்றுவிடுவார்கள். உத்தரவு ரத்தானது எந்தப் பேப்பரிலும் வராது. வெளியே வந்த பிறகும் ஸ்டேஷனில் கண்காணிப்புக்காக வைக்கும் ஹிஸ்டரி ஷீட் ஓப்பன் ஆகியிருந்தால் தேர்தல் வந்தால், திருவிழா வந்தால், மந்திரி வந்தால் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். வேலை கொடுத்தவர் அடுத்த தடவை கூப்பிட மாட்டார். இவனை ரவுடி ஆகாமல் தடுக்கத்தான் அடைத்தோம் என்றால், உள்ளே அவன் ஒரு வருஷம் யாரோடு இருந்தான் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டாமா?

அடிதடிப் பையன்களோடு இது நிற்பதும் இல்லை. 2017 மே மாதம் மெரினாவில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போன மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி மீதும் உடன் இருந்த மூவர் மீதும் இதே சட்டம். அதே வருஷம் ஜூலையில் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த மாணவி வளர்மதி மீது இதே சட்டம். இரண்டையும் செப்டம்பரில் ஹைகோர்ட் ரத்து செய்தது. 2023 நவம்பரில் செய்யாறு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை விரிவாக்கத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று போராடிய மேல்மா விவசாயிகள் ஏழு பேர் மீது இதே சட்டம், ஊரே கொதித்த பிறகு ஆறு பேர் மேல் போட்டதை அரசே சில நாளில் திரும்பப் பெற்றது. 2017-இல் இருந்தது ஒரு கட்சி ஆட்சி, 2023-இல் இன்னொரு கட்சி ஆட்சி. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கண்டிப்பதும் ஆளுங்கட்சியானதும் போடுவதும் நாற்பது வருஷமாக நடக்கிறது, அதனால் இதில் கட்சி பார்த்துப் பேச எனக்கு விருப்பமில்லை. இவர்களுக்காகப் பேச ஊரில் ஆள் இருந்தது, செய்தி வந்தது. பெயர் தெரியாதவர்களுக்கு அதுவும் கிடையாது.

ரவுடித் தொல்லை உள்ள தெருவில் குடியிருப்பவர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள், வந்திருக்கிறார்கள். கடைக்கு மாமூல் கேட்டு வருகிறவனை எதிர்த்துச் சாட்சி சொல்லப் பயமாக இருக்கிறது, வழக்கு பத்து வருஷம் இழுக்கிறது, அதற்குள் அவன் ஜாமீனில் வந்து நம் முன்னாலேயே நடக்கிறான், குண்டாஸ் போட்டால் ஒரு வருஷமாவது நிம்மதி என்று. அந்தப் பயம் உண்மை. நானே அப்படி ஒரு தெருவில் குடியிருந்திருக்கிறேன். ஆனால் ஜாமீனில் வந்தவன் மிரட்டினால் ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி போலீஸ் கோர்ட்டில் மனு போட முடியும், பழைய நடைமுறைச் சட்டத்திலும் இடம் இருந்தது, இப்போதைய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸிலும் இருக்கிறது. அங்கே நீதிபதி இரண்டு பக்கமும் கேட்பார், என்ன செய்தான் என்பதைக் காட்ட வேண்டியிருக்கும். அது வேலை. புக்லெட் தயாரிப்பது அதை விடச் சுலபம், அதனால் சுலபமானதைச் செய்கிறார்கள். வழக்கைச் சீக்கிரம் முடிக்க கோர்ட்டில் ஆள் போடுவதும், சாட்சிக்குப் பாதுகாப்புக் கொடுப்பதும், தடயத்தைச் சரியாக எடுப்பதும் செலவு பிடிக்கிற வேலை. பட்டியலில் இன்னொரு வகையைச் சேர்க்கச் செலவே இல்லை, ஒரு நாள் சட்டசபையில் குரல் வாக்கெடுப்பு போதும், மறுநாள் பேப்பரில் தலைப்புச் செய்தி. அதனால்தான் ஒவ்வொரு முறையும் இதுவே நடக்கிறது, நாமும் ஒவ்வொரு முறையும் கை தட்டுகிறோம்.

அடுத்த தடவை ஒரு குற்றத்தைப் பார்த்துக் கொதித்துப்போய் 'இவனுங்களையெல்லாம் குண்டாஸ்ல போடணும்' என்று எழுதுவதற்கு முன்னால், விசாரித்து ஆயுள் தண்டனை வாங்கிக் கொடு என்று கேளுங்கள். அது பெரிய கோரிக்கை, கடினமான கோரிக்கை, பாதிக்கப்பட்டவருக்கும் அதுதான் நீதி. பாலியல் வழக்கில் ஒருவனை குண்டாஸில் அடைத்துவிட்டதாலேயே அந்தப் பெண்ணின் வழக்கு ஒரு அடிகூட நகர்ந்துவிடாது.

உங்கள் வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ இது வந்துவிட்டால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் இரண்டு வாரத்தை அழுதும் அலைந்தும் கழித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். உள்ளே இருப்பவரிடம் கொடுத்த புக்லெட் முழுவதையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், ஒரு பக்கம் மங்கலாக இருந்தால் அதை அப்படியே வையுங்கள், வேறு நகல் எடுத்து மாற்றிவிடாதீர்கள், அந்த மங்கல் பக்கமே வழக்கை ஜெயிக்க வைக்கலாம். உத்தரவு போட்ட கலெக்டருக்கோ கமிஷனருக்கோ, சென்னையில் உள்துறை மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறைச் செயலாளருக்கு, அட்வைசரி போர்டுக்கு என்று உடனே மனு அனுப்புங்கள், எளிய தமிழில் எழுதினாலும் செல்லும். அரசு ஒப்புதல் வருவதற்கு முன்பே, அந்தப் பன்னிரண்டு நாளுக்குள், உத்தரவு போட்டவர் கையில் மனு சேர்ந்துவிட்டால் இன்னும் நல்லது, அவரே பரிசீலித்தாக வேண்டும். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் வைத்துக்கொள்ளுங்கள், தாமதத்தை நிரூபிக்கப்போவது அந்தத் தேதிகள்தான்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று வட்டிக்கு வாங்காதீர்கள். காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. மனு போடுகிறவர் பெண்ணாக இருந்தால் அவருக்கும் அதே உரிமை. சென்னை ஹைகோர்ட்டிலும் மதுரைக் கிளையிலும் சட்டப் பணிகள் குழு இருக்கிறது, உங்கள் ஊர் கோர்ட் வளாகத்திலும் ஆபீஸ் இருக்கும், 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். அப்புறம் முக்கியமாக, குண்டாஸ் போட்டுவிட்டார்களே என்று கீழ் கோர்ட்டில் ஜாமீன் வேலையை நிறுத்திவிடாதீர்கள். ஹைகோர்ட்டில் உத்தரவு உடைந்தாலும் எந்த வழக்கை வைத்து குண்டாஸ் போட்டார்களோ அதில் ஜாமீன் இல்லை என்றால் ஜெயில் கதவு திறக்காது. ஜாமீன்தாரரும் கையில் தயாராக இருக்க வேண்டும். உடைந்த பிறகு அதற்காக இன்னும் பத்துப் பதினைந்து நாள் உள்ளேயே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.